இங்கிலாந்தில் மணமாகாத இளந்தாய்மாருக்கான உதவி: ஒரு வரலாறு

திருமணமாகாமல் தாயான இளம்பெண்ணுக்கு யார் உதவுவது, எப்படி உதவுவது என்ற கேள்விக்கு இங்கிலாந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக வெவ்வேறு பதில்களைச் சொல்லி வந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கிக்கொள்வதே உதவி எனப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் தாயை அச்சுறுத்தித் திருத்துவதே நல்லது என்று சட்டம் கருதியது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குழந்தையைத் தத்துக் கொடுக்கச் செய்வது உதவியாயிற்று. தாயும் குழந்தையும் பிரியாமல் வாழ்வதற்கான பணம், வீடு, குழந்தை வளர்ப்பில் வழிகாட்டுதல் ஆகிய மூன்றும் ஓரளவேனும் சேர்ந்து கிடைக்கத் தொடங்கியது 1970-களுக்குப் பின்னர்தான். அந்த நீண்ட மாற்றம் நடந்த விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய சட்டநிலை

மண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தையை இங்கிலாந்தின் பொதுச் சட்டம் 'யாருடைய பிள்ளையும் அல்ல' என்று வகைப்படுத்தியது. அக்குழந்தைக்குத் தந்தையின் சொத்தில் உரிமை இல்லை. உயில் எழுதாமல் தாய் இறந்தால் அவளுடைய சொத்திலும் 1926 வரை உரிமை இல்லை.

ஆனால் சோறு போட யாராவது வேண்டும். அந்தப் பொறுப்பு ஊர்ப்பங்கின் மீது விழுந்தது. பங்கு என்பது ஒரு தேவாலயத்தைச் சுற்றி அமைந்த சிறு நிர்வாகப் பகுதி. அதன் மக்களிடம் வசூலித்த வரியில்தான் ஏழைகளுக்கு உதவி வழங்கப்பட்டது. 1576-ல் இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய குழந்தையின் தாயையும் தந்தையையும் பராமரிப்புச் செலவை ஏற்கும்படி ஆணையிட நீதிபதிகளுக்கு அதிகாரம் தந்தது. 1733-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கருவுற்ற பெண் சத்தியம் செய்து பெயர் சொன்னால் அந்த ஆணைப் பிடித்துச் சிறையில் அடைக்கலாம். இவை தாயின் மீதுள்ள இரக்கத்தால் பிறந்த சட்டங்கள் அல்ல. ஊர் வரிப்பணத்தைக் காப்பதே அவற்றின் நோக்கம். ஆயினும் தந்தைக்கும் பொறுப்பு உண்டு என்ற எண்ணம் அவற்றில் இருந்தது.

ஃபவுண்ட்லிங் இல்லம்

தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் வட அமெரிக்காவில் பல ஆண்டுகள் பணிபுரிந்து லண்டன் திரும்பியவர். லண்டன் தெருவோரங்களில் கைவிடப்பட்ட சிசுக்களைக் கண்டு வருந்திய அவர், அவர்களுக்கு ஓர் இல்லம் அமைக்க 17 ஆண்டுகள் செல்வந்தர்களிடம் கையெழுத்துக் கேட்டு அலைந்தார். 1739-ல் அரசர் இரண்டாம் ஜார்ஜ் அனுமதிப் பட்டயம் வழங்கினார். 1741 மார்ச் 25 அன்று முதல் குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஓவியர் ஹோகார்த் இந்த இல்லத்துக்கு ஓவியங்கள் தந்தார். இசையமைப்பாளர் ஹாண்டல் 1750 முதல் தன் 'மெஸையா' இசை நிகழ்ச்சியை நடத்தி நிதி திரட்டிக் கொடுத்தார்.

இடத்தைவிடக் குழந்தைகள் மிகுதியாக வந்ததால் விரைவிலேயே சீட்டுக் குலுக்கல் போன்ற ஒரு முறை கொண்டுவரப்பட்டது. தாய்மார் ஒரு பையில் கைவிட்டுப் பந்து எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால் குழந்தை சேர்க்கப்படும். சிவப்புப் பந்து வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்புப் பந்து வந்தால் குழந்தையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

சேர்க்கப்பட்ட குழந்தைக்கு உடனே வேறு பெயர் சூட்டப்பட்டது. பின்னாளில் தாய் திரும்பி வந்தால் அடையாளம் காண்பதற்காக ஒரு துணித்துண்டோ, நாணயமோ, சிறு பொருளோ பதிவேட்டுடன் வைக்கப்பட்டது. அந்தத் துணித்துண்டுகள் ஆயிரக்கணக்கில் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்ட 16,282 குழந்தைகளில் 152 பேரை மட்டுமே பெற்றோர் திரும்ப அழைத்துச் சென்றனர். எஞ்சிய துணித்துண்டுகளைக் கேட்டு யாரும் வரவில்லை, அல்லது வருவதற்குள் குழந்தை இறந்திருந்தது.

1756-ல் நாடாளுமன்றம் பணம் தர முன்வந்து, வருகிற குழந்தைகள் அனைவரையும் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை விதித்தது. முதல் நாளிலேயே 117 குழந்தைகள் வந்தனர். 1760-ல் இந்த ஏற்பாடு நிறுத்தப்படும் வரை ஏறக்குறைய 15,000 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தனர். நல்லெண்ணமும் அரசுப் பணமும் இருந்தும், தாய்ப்பாலிலிருந்து பிரித்து நெடுந்தூரம் கொண்டுவரப்பட்ட சிசுக்களைக் காப்பாற்ற முடியவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் இல்லத்தின் விதிகள் மாறின. மணமாகாத தாயின் முதல் குழந்தை மட்டுமே சேர்க்கப்பட்டது. தாய் நேரில் வந்து ஆண்கள் அடங்கிய குழுவின் முன் நிற்க வேண்டும். முன்பு நல்லொழுக்கத்துடன் வாழ்ந்தவள் என்றும், தந்தை கைவிட்டு ஓடிவிட்டான் என்றும், குழந்தையை ஒப்படைத்தால் மீண்டும் வேலைக்குச் சென்று கௌரவமாகப் பிழைப்பாள் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். இந்தப் பெண்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரிகள். கைக்குழந்தையோடு வேலைக்காரியை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. எனவே குழந்தையா, பிழைப்பா என்ற இரண்டில் ஒன்றைத்தான் அவள் தேர்ந்தெடுக்க முடிந்தது. அந்த இக்கட்டை மாற்ற இல்லம் முயலவில்லை. அதிலிருந்து ஒரு வெளிவழியை மட்டும் காட்டியது.

1834: தாய் மட்டுமே பொறுப்பு

1834-ல் வந்த புதிய ஏழைகள் சட்டம் மணமாகாத தாய்மாரின் நிலையை மேலும் மோசமாக்கியது. பழைய சட்டம் ஆண்களின் மீது பொய்ப் பழி சுமத்தப் பெண்களைத் தூண்டுகிறது என்று அதற்கு முன் நடந்த விசாரணைக் குழு வாதிட்டது. குழந்தைக்கு 16 வயது ஆகும் வரை பராமரிக்கும் பொறுப்பு முழுவதும் தாய்க்கே என்று புதிய சட்டம் கூறியது. தந்தையிடம் பணம் கேட்கும் உரிமை தாய்க்கு இல்லை. ஊர் நிர்வாகம் மட்டும் கடினமான சான்றுகளுடன் கேட்கலாம். அப்படிக் கிடைத்த பணமும் தாயின் கைக்கு வராது.

பிழைக்க வழியற்றவள் 'ஒர்க்ஹவுஸ்' எனப்பட்ட வேலை விடுதிக்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கே குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. உணவுக்கு ஈடாகக் கடும் வேலை வாங்கப்பட்டது. சில விடுதிகளில் மணமாகாத தாய்மாருக்குத் தனி நிற உடை அணிவித்து அவமானப்படுத்தினர். இந்த வழக்கத்தை 1839-ல் மேலாணையமே கண்டிக்க வேண்டியிருந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' இத்தகைய விடுதியில் மணமாகாத ஒரு தாய் பிள்ளை பெற்று இறப்பதில் தொடங்குவது தற்செயல் அல்ல. அந்த நாவல் தொடராக வெளிவரத் தொடங்கிய 1837-ல் இச்சட்டம் நாடெங்கும் விவாதிக்கப்பட்டது.

எதிர்ப்பும் எழுந்தது. 1839 முதல் 1843 வரை தென் வேல்ஸில் பெண் உடை தரித்த ஆண்கள் சுங்கச்சாவடிகளை உடைத்த ரெபெக்கா கலகம் நடந்தது. அக்கலகக்காரர்களின் குறைகளில் இந்தச் சட்டப் பிரிவும் ஒன்று. 1844-ல் சட்டம் திருத்தப்பட்டது. தாயே நீதிபதியிடம் சென்று தந்தையின் மீது பராமரிப்பு ஆணை கோரலாம் என்றாயிற்று. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொகையின் உச்சவரம்பை வாரத்துக்கு 5 ஷில்லிங், அதாவது கால் பவுண்டு, என வைத்தது. தந்தை எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் அதற்கு மேல் கேட்க முடியாது. தாயின் வாக்குமூலத்தோடு வேறு ஒரு சான்றும் தேவைப்பட்டது.

கூலிக்குக் குழந்தை வளர்ப்பு

வேலைக்குச் செல்ல வேண்டிய தாய், வாரக் கூலி கொடுத்தோ மொத்தத் தொகை கொடுத்தோ குழந்தையை வேறு பெண்ணிடம் விட்டாள். அவர்களில் நல்லவர்களும் இருந்தனர். ஆனால் மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டவளுக்குக் குழந்தை எவ்வளவு விரைவில் இறக்கிறதோ அவ்வளவு லாபம். 1870-ல் மார்கரெட் வாட்டர்ஸ் என்ற பெண் இதற்காகத் தூக்கிலிடப்பட்டாள். 1872-ல் சிசு உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் இது ஓயவில்லை. 1896-ல் அமீலியா டையர் தூக்கிலிடப்பட்ட வழக்கு நாட்டையே உலுக்கியது.

செவிலித்தாய் வேலையிலும் இதே கொடுமை மறைந்திருந்தது. வசதியான வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கச் செல்லும் ஏழைத் தாய், தன் குழந்தையை வேறொருத்தியிடம் விட்டுச் செல்ல வேண்டும். 1894-ல் வெளிவந்த ஜார்ஜ் மூரின் 'எஸ்தர் வாட்டர்ஸ்' நாவல் இந்த நிலையில் சிக்கிய ஒரு வேலைக்காரப் பெண் தன் மகனை வளர்த்து ஆளாக்குவதைச் சொல்கிறது. அந்தக் காலத்து வாசகர்களுக்கு இது புதிது. அதுவரை 'வழி தவறிய பெண்' கதைகள் பெரும்பாலும் அவள் சாவில் முடிந்தன.

1918: தாயும் குழந்தையும் சேர்ந்து

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிசு மரணம் அரசின் கவலையாக மாறியது. ஹடர்ஸ்ஃபீல்ட் நகர மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட், தன் பதவிக் காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு வயதை எட்டினால் ஒரு பவுண்டு தருவதாக அறிவித்தார். 1907-ல் லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் பகுதியில் 'அன்னையர் பள்ளி' தொடங்கப்பட்டது. அங்கே பாலூட்டும் தாய்மாருக்கு மலிவு விலையில் உணவும், குழந்தை வளர்ப்பில் பாடமும், எடை பார்க்கும் வசதியும் கிடைத்தன. சுகாதாரச் செவிலியர் வீடு தேடிச் சென்று அறிவுரை கூறும் முறையும் பரவியது.

ஆயினும் மணமாகாத தாயின் குழந்தை இறக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. முதல் உலகப் போரின்போது இத்தகைய பிறப்புகள் கூடின. இந்தப் பின்னணியில் 1918-ல் 'மணமாகாத தாய்க்கும் அவள் குழந்தைக்குமான தேசிய மன்றம்' லண்டனில் நிறுவப்பட்டது. இதன் முதல் தலைவர் லெட்டிஸ் ஃபிஷர் (1875–1956). பொருளியலும் வரலாறும் கற்பித்தவர். அப்போதைய கல்வி அமைச்சர் எச். ஏ. எல். ஃபிஷரின் மனைவி. 1950 வரை அவரே தலைவராக இருந்தார்.

மன்றத்தின் பெயரிலேயே அதன் கொள்கை இருந்தது. அதுவரை சேம நிறுவனங்கள் குழந்தையை ஒரு பக்கமும் தாயை மறுபக்கமும் வைத்தே பார்த்தன. குழந்தையைக் காப்பாற்றும் இல்லங்கள் இருந்தன. 'வீழ்ந்த' பெண்ணைத் திருத்தும் இல்லங்கள் இருந்தன. இருவரையும் ஒன்றாக வைத்துக் காக்கும் இடங்கள் மிகக் குறைவு. குழந்தை பிழைக்க வேண்டுமானால் தாய் அதனுடன் இருக்க வேண்டும், தாய் உடனிருக்க வேண்டுமானால் அவளுக்குத் தங்க இடமும் வருமானமும் வேண்டும் என்று மன்றம் வாதிட்டது. தாயும் குழந்தையும் சேர்ந்து தங்கும் விடுதிகள், பராமரிப்புச் சட்டத் திருத்தம் ஆகிய இரண்டையும் தன் முதல் கோரிக்கைகளாக வைத்தது. அதே ஆண்டில் தந்தை தரவேண்டிய தொகையின் உச்சவரம்பு 5 ஷில்லிங்கிலிருந்து 10 ஷில்லிங்காக உயர்த்தப்பட்டது. மன்றத்தின் அலுவலகம் கடிதம் எழுதிய பெண்களுக்கு வாடகை அறை, வேலை, நம்பகமான வளர்ப்புத்தாய், வழக்கு உதவி ஆகியவற்றைத் தேடிக் கொடுத்தது.

அரசின் போக்கு அப்படி இல்லை. 1913-ஆம் ஆண்டு மனநலக் குறைபாட்டுச் சட்டம், ஏழை உதவி பெறும் நிலையில் மண உறவுக்கு வெளியே பிள்ளை பெற்ற பெண்ணை, மனக்குறைபாடு உள்ளவள் என்று சான்றளித்துக் காப்பகத்தில் அடைத்து வைக்க இடமளித்தது. அந்தச் சட்டம் 1959 வரை நீடித்தது. 1925-ல் விதவைகளுக்கு வாரம் 10 ஷில்லிங் ஓய்வூதியமும், குழந்தைகளுக்குக் கூடுதல் தொகையும் வழங்கும் சட்டம் வந்தது. கணவனின் காப்பீட்டுச் சந்தாவின் அடிப்படையில் அமைந்த அத்திட்டத்தில் மணமாகாத தாய்க்கு இடமில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி உரிமையாகப் பெற்றதை மற்றவள் பெற முடியவில்லை.

தத்துக் கொடுத்த காலம்

1926-ல் இங்கிலாந்தில் முதன்முறையாகத் தத்தெடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால் குழந்தை சட்டப்படியான குழந்தை ஆகும் என்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நலவாழ்வு அரசு உருவானது. 1946 முதல் குடும்பப் படி வாரம் 5 ஷில்லிங் வழங்கப்பட்டது. ஆனால் அது இரண்டாவது குழந்தையிலிருந்துதான் தொடங்கும். ஒரே குழந்தையுடன் தனித்து வாழும் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1948-ல் தொடங்கிய தேசிய உதவித் திட்டம் மட்டுமே அவளுக்கு எஞ்சியது. சிறிய ஆனால் அருமையான ஒரு மாற்றம் 1947-ல் வந்தது. பெற்றோர் விவரம் இல்லாத சுருக்கப் பிறப்புச் சான்றிதழ் அறிமுகமாயிற்று. பள்ளியிலும் வேலையிலும் சான்றிதழ் நீட்டும்போது தந்தை பெயர் வெற்றிடமாக இருப்பதை எல்லோரும் காணும் அவமானம் அதனால் நீங்கியது.

1950-களிலும் 1960-களிலும் கருவுற்ற மணமாகாத இளம்பெண்கள் பெற்றோரால் 'தாய்-சேய் இல்லங்களுக்கு' அனுப்பப்பட்டனர். இவற்றில் பெரும்பாலானவை திருச்சபை அமைப்புகளால் நடத்தப்பட்டன. பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பு சென்று, ஆறு வாரம் பின்பு திரும்புவது வழக்கம். தத்துக்குத் தாய் தரும் சம்மதம் குழந்தைக்கு ஆறு வாரம் ஆன பிறகே செல்லும் என்று 1949-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. எனவே தாய் ஆறு வாரம் தானே பாலூட்டி, குளிப்பாட்டி, துணி மாற்றி வளர்த்த குழந்தையைப் பிறகு ஒப்படைத்தாள். சில நேரங்களில் அவள் கையால் பின்னிய உடையோடு அனுப்பினாள்.

அக்கால நிபுணர் கருத்தும் இதற்குத் துணை நின்றது. தாயைப் பிரிவது குழந்தையின் மனத்தைப் பாதிக்கும் என்று நிறுவியவர் உளவியல் மருத்துவர் ஜான் பௌல்பி. உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-ல் அவர் எழுதிய அறிக்கையே, மணமாகாத தாயின் குழந்தையைத் தத்துக் கொடுப்பதானால் இயன்றவரை விரைவில் கொடுக்க வேண்டும் என்றது.

தத்தெடுப்பு ஆணைகள் 1968-ல் உச்சத்தை எட்டின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 25,000 ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. 1949 முதல் 1976 வரை மணமாகாத தாய்மாரின் குழந்தைகள் ஏறத்தாழ 1,85,000 பேர் தத்துக் கொடுக்கப்பட்டதாக, 2022-ல் வெளியான நாடாளுமன்ற மனித உரிமைக் கூட்டுக் குழுவின் அறிக்கை மதிப்பிட்டது. அப்போது 70, 80 வயதை எட்டியிருந்த தாய்மார் அக்குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். தங்களுக்கு உரிய உதவித்தொகை பற்றியோ வீட்டு வசதி பற்றியோ யாரும் சொல்லவில்லை என்பது அவர்களில் பலர் கூறிய குறை. வேறு வழி இல்லை என்று நம்ப வைக்கப்பட்டவர்களின் கையெழுத்து எப்படிச் சம்மதமாகும் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அரசு முறையான மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. 2023-ல் ஸ்காட்லாந்து, வேல்ஸ் அரசுகள் மன்னிப்புக் கேட்டன. லண்டன் அரசு சமூகத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்ததோடு அப்போது நிறுத்திக்கொண்டது.

1970-கள்: பணமும் வீடும்

1960-களின் இறுதியில் நிலைமை விரைவாக மாறியது. கருத்தடை எளிதானது. கருக்கலைப்பு 1968 முதல் சட்டப்படியாயிற்று. மணவிலக்குச் சட்டம் தளர்ந்தது. மணவிலக்குப் பெற்றவர்களும் பிரிந்து வாழ்ந்தவர்களும் பெருகியதால், தனியாகப் பிள்ளை வளர்ப்பது மணமாகாதவர்களுக்கு மட்டும் உரிய நிலையாக இல்லாமல் போயிற்று. வெட்கம் குறைந்ததற்கு இந்த எண்ணிக்கைப் பெருக்கமும் ஒரு காரணம்.

1970-ல் டெஸ்ஸா ஃபாதர்கில் என்ற தனித்தாய் லண்டனில் 'ஜிஞ்சர்பிரெட்' அமைப்பைத் தொடங்கினார். இதுவரை பார்த்த அமைப்புகள் அனைத்தும் வசதியானவர்கள் இல்லாதவர்களுக்காக நடத்தியவை. ஜிஞ்சர்பிரெட் தனிப் பெற்றோர் தாமே கூடி நடத்திய சுய உதவி அமைப்பு. ஊர் தோறும் குழுக்கள் உருவாயின. ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்வது, உதவித்தொகைப் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுப்பது, விடுமுறை நாள்களில் சேர்ந்து வெளியே செல்வது ஆகியவை அவற்றின் பணிகள். அறிவுரை கூறுபவரும் கேட்பவரும் ஒரே நிலையில் இருந்ததே இதன் புதுமை. பழைய தேசிய மன்றம் 1973-ல் தன் பெயரிலிருந்து 'மணமாகாத தாய்' என்பதை நீக்கி, ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களுக்கான மன்றம் என மாறியது. இவ்விரு அமைப்புகளும் 2007-ல் இணைந்தன.

1969-ல் அரசு அமைத்த சர் மோரிஸ் ஃபைனர் தலைமையிலான குழு 1974-ல் அறிக்கை அளித்தது. 1971-ல் நாட்டில் ஏறக்குறைய 6,20,000 ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களும் அவற்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும் இருந்ததாக அது கணக்கிட்டது. தந்தை பணம் தருகிறாரா இல்லையா என்று தாய் காத்திருக்க வேண்டாம், அரசே உறுதியான ஒரு தொகையைத் தாய்க்குக் கொடுத்துவிட்டுத் தந்தையிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது அதன் முதன்மைப் பரிந்துரை. செலவைக் காரணம் காட்டி அது ஏற்கப்படவில்லை. ஃபைனர் அந்த ஆண்டின் இறுதியிலேயே காலமானார்.

முதன்மைப் பரிந்துரை ஏற்கப்படாவிட்டாலும் வேறு வழிகளில் மாற்றம் வந்தது. 1977 முதல் குழந்தைப் படி முதல் குழந்தைக்கும் வழங்கப்பட்டது. தனிப் பெற்றோருக்குச் சிறு கூடுதல் தொகையும் கிடைத்தது. அதே 1977-ல் வந்த வீடற்றோர் சட்டம், கருவுற்ற பெண்களுக்கும் குழந்தையுடன் இருப்பவர்களுக்கும் வீட்டு வசதியில் முன்னுரிமை தந்தது. பெற்றோர் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இளந்தாய்க்குக் குழந்தையுடன் தங்க ஓர் இடம் கிடைப்பது முதன்முறையாகச் சட்ட உரிமையாயிற்று. 1987-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத் திருத்தம், பெற்றோர் மணந்தவரா இல்லையா என்பதை வைத்துக் குழந்தையின் உரிமையில் இருந்த வேறுபாடுகளைப் பெரும்பாலும் நீக்கியது.

மீண்டும் பழி

உரிமைகள் வந்ததோடு எதிர்ப்பும் வந்தது. 1992-ல் கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில் சமூகப் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் லில்லி, அரசு வீட்டுக்கான வரிசையில் முந்துவதற்காகவே கருத்தரிக்கும் இளம்பெண்கள் என்று பாட்டுப் பாடிக் கேலி செய்தார். 1834-ல் விசாரணைக் குழு சொன்னதும் ஏறக்குறைய இதுவே. உதவி கிடைப்பதால்தான் பெண்கள் தவறுகிறார்கள் என்ற வாதம் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்பும் கைதட்டல் பெற்றது. 1997-ல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசும் தனிப் பெற்றோருக்கான கூடுதல் தொகையைப் புதிதாக வருபவர்களுக்கு நிறுத்தியது. அக்கட்சியின் 47 உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தனர்.

பதின்வயதுத் தாய்மார்

1999-ல் அரசு பதின்வயதுக் கருத்தரிப்பு பற்றிய பத்தாண்டுத் திட்டத்தை அறிவித்தது. அதற்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன. ஒன்று, 18 வயதுக்குட்பட்டோர் கருத்தரிப்பதைப் பாதியாகக் குறைப்பது. மற்றொன்று, ஏற்கெனவே தாயானவர்களைப் படிப்புக்கோ வேலைக்கோ திரும்பச் செய்வது. 1998-ல் இங்கிலாந்தில் 15 முதல் 17 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் கருத்தரித்தனர். 2018-ல் அது ஏறக்குறைய 17 ஆகக் குறைந்தது. இரண்டாவது நோக்கத்தில் இலக்கு எட்டப்படவில்லை. எனினும் 20 வயதுக்குட்பட்ட தாய் படிக்கும்போது குழந்தைக் காப்பகச் செலவை அரசே ஏற்கும் 'கேர் டு லேர்ன்' திட்டம் தொடங்கப்பட்டது. கருவுற்றதைக் காரணம் காட்டி மாணவியைப் பள்ளி விலக்குவதை 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் தடுக்கிறது.

வீடு தேடி வரும் செவிலி

குழந்தை வளர்ப்பு அறிவுரை எப்படி வழங்கப்பட வேண்டும் என்பதில் முக்கியமான முயற்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. உளவியலாளர் டேவிட் ஓல்ட்ஸ் 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் 400 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும் வரை ஒரே செவிலி வீட்டுக்குச் சென்று துணை நின்றார். அத்தகைய துணை பெற்ற குடும்பங்களில் குழந்தைகள் துன்புறுத்தப்படுவதும் கவனிப்பின்றி விடப்படுவதும் பிற்காலத்தில் குறைவாக இருந்தன.

2007-ல் இத்திட்டம் 'குடும்பச் செவிலியர் துணை' என்ற வகையில் இங்கிலாந்துக்கு வந்தது. முதன்முறை தாயாகும் 19 வயதுக்குட்பட்டோருக்கானது இது. செவிலி அதிகபட்சம் 64 முறை வீட்டுக்கு வருவார். பாலூட்டல், குழந்தை அழுகையின் பொருள், தூக்கம், புகைப்பழக்கத்தை விடுவது ஆகியவற்றோடு தாயின் படிப்பு, வேலை, அவளுடைய அச்சங்கள் எல்லாம் பேசப்படும்.

இதன் பயனைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஏறக்குறைய 1,600 இளந்தாய்மார் இதில் பங்கேற்றனர். கர்ப்ப காலப் புகைபிடித்தல், குழந்தையின் பிறப்பு எடை, இரண்டு ஆண்டுக்குள் அடுத்த கர்ப்பம், குழந்தையை அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுதல் ஆகிய நான்கு முதன்மை அளவீடுகளிலும் வேறுபாடு காணப்படவில்லை. இதன்பின் சில நகராட்சிகள் திட்டத்தைக் கைவிட்டன. அக்குழந்தைகளைப் பள்ளி வயது வரை தொடர்ந்த பிந்தைய ஆய்வு, அவர்கள் பள்ளிக்கு ஆயத்தமாக இருந்ததில் சிறு முன்னேற்றம் கண்டது. இங்கிலாந்தில் எல்லாத் தாய்மாருக்கும் ஏற்கெனவே இலவச மருத்துவமும் சுகாதாரச் செவிலியின் வருகையும் இருந்ததால், கூடுதல் பயன் குறைவாகத் தெரிந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இந்தியத் தீர்ப்பில் ஒரு தடம்

இந்த வரலாற்றின் ஒரு தடம் இந்தியாவிலும் உண்டு. பிரிட்டனின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, பெற்றோர் மணந்தவர்கள் அல்லாதபோது பிறப்பிலேயே குழந்தையின் பொறுப்பு தாய்க்கு உரியது. 2015 ஜூலையில், மணமாகாத தாய் ஒருவர் தன் மகனுக்குச் சட்டக் காப்பாளராக விண்ணப்பித்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் சட்டநிலையை எடுத்துப் பார்த்தது. தந்தையின் பெயரை வெளியிடும்படியோ அவருக்கு அறிவிப்பு அனுப்பும்படியோ தாயைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. 1733-ல் பெயர் சொல்ல வைத்த சட்டத்திலிருந்து, சொல்லாமல் இருக்கும் உரிமை வரை வந்த தொலைவு இது.

மதிப்பீடு

2021-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மண உறவுக்கு வெளியே பிறந்தவர்கள். 1845-ல் பதிவுகள் தொடங்கியபின் இதுவே முதன்முறை. அவர்களில் பெரும்பாலோரின் பெற்றோர் சேர்ந்தே வாழ்கின்றனர். எனினும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் இளம்பெண் இன்றும் வறுமைக்கு மிக அருகில்தான் நிற்கிறாள்.

ஃபவுண்ட்லிங் இல்லத்தின் வாசலில் துணித்துண்டை விட்டுச் சென்ற தாய்க்கும், 1960-களில் கையெழுத்திட்ட தாய்க்கும் பிள்ளைப் பாசம் குறைவாக இருக்கவில்லை. வளர்க்கத் தெரியாதவர்களும் அல்லர். தங்க இடமும் வருமானமும் இல்லாததே அவர்களைப் பிரித்தது. குழந்தைக்கும் தாய்க்கும் தனித்தனியே உதவ முயன்ற ஏற்பாடுகள் பெரும்பாலும் இருவருக்கும் தீங்காகவே முடிந்தன. 1918-ல் லெட்டிஸ் ஃபிஷரும் அவருடைய தோழர்களும் தங்கள் மன்றத்தின் பெயரில் தாயையும் குழந்தையையும் ஒருசேரக் குறிப்பிட்டனர். அது சட்டமாகவும் வீடாகவும் படித்தொகையாகவும் மாற மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. குழந்தை வளர்ப்பு அறிவுரை அதற்குப் பிறகுதான் இளந்தாய்க்குப் பயன்படும் அறிவுரையாயிற்று.